கல் ரூமில் வைத்த லென்ஸ்

திருவண்ணாமலை தேரடித் தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கவுஸ் பாஷாவைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும். "பாய் கடையில லேட்டாகும். ஆனா தப்பு வராதுங்க." லேட்டாகும் என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. டாக்டர் கொடுத்த சீட்டை வாங்கிப் படிப்பார். வந்தவர் ஸ்டூலில் உட்காருவதற்குள் இன்னொரு முறை படிப்பார். லென்ஸை எடுத்த பிறகு, எடுத்தது சரிதானா என்று திரும்பவும் சீட்டுக்குப் போவார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த வெளியூர்க்காரர் பஸ்ஸைக் காட்டி அவசரப்படுத்தினாலும் பாய் அசையமாட்டார். வலது கண்ணுக்கு உள்ளது இடது கண்ணுக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

ஊர் அதைப் பொறுப்பு என்று மெச்சியது. அது பயம் என்று அவர் மனைவி வஜீதாவுக்கு மட்டும் தெரியும். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தெரு வந்த பிறகு திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதரோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? "உங்க கைய நீங்களே நம்பலன்னா எப்படிங்க?" என்று அவள் கேட்பாள். அவர் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மனசு கஷ்டப்படும்.

அந்தப் பயம் அவருக்குக் கடையில் பிடித்ததில்லை. கல்லூரியில் பிடித்தது. கண்ணாடிக் கடை பாய் ஒரு காலத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவர் என்பது இன்றைக்குத் தேரடித் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும், "ஏதோ படிச்சாருப்பா, நடுவுல வுட்டுட்டாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் அது, 1989. அந்த வருஷம் வெளிநாட்டில் இரண்டு விஞ்ஞானிகள், மேசை மேல் வைத்த ஒரு ஜாடிக்குள்ளேயே அணுக்கருக்களை ஒட்டவைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். சூரியனுக்குள் நடக்கிற காரியம் சமையல்கட்டுப் பாத்திரத்துக்குள் நடக்கிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? உலகம் முழுக்க ஆளாளுக்குச் செய்து பார்த்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் தசரதனும் சும்மா இருக்கவில்லை.

தசரதன் சாருக்கு ஜாடியில் நம்பிக்கை இல்லை, குழாயில் இருந்தது. கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, வேறு வாயு கொஞ்சமே கொஞ்சம் உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் உலோகத் தகடு வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால் வாயு உடைந்து ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. கடைத்தெருவில் எரிகிற நியான் போர்டுக்குள் நடப்பதும் அதே சங்கதிதான். கனமான ஹைட்ரஜனை அப்படி ஒளிரவிட்டு உலோகத்தில் மோதவிட்டால், அதற்குள் புகுந்து அணுக்கருக்கள் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் துகள்கள் சீறிக்கொண்டு வெளியே வரவேண்டும். வருகிறதா, இல்லையா? சாருக்கு அது தெரிந்தாக வேண்டும். கூடவே நின்ற ஆராய்ச்சி மாணவன் கவுஸ் பாஷாவுக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர், வேலூரில் மூடிப்போன ஒரு லாட்ஜின் நியான் போர்டிலிருந்து கழற்றியது. பம்பு இன்னொரு கல்லூரியில் இரவல் வாங்கியது. குழாய் ஒளிர்ந்த முதல் நாள், அந்த இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். துகளைப் பிடிப்பதற்குத்தான் வழியில்லை. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. துகள் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் அந்தக் காயம் வட்டமான குழியாகப் பெரிதாகும், மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான். கல்லூரிக்கு அதை வாங்க வக்கில்லை.

அந்தத் தகடு என்ன பிளாஸ்டிக் என்று நூலகத்தில் தேடிப் படித்த பாஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிவந்து சாரிடம் சொன்னான்.

"சார், இது மூக்குக்கண்ணாடி பிளாஸ்டிக் சார். எங்க கடையில பெட்டி பெட்டியா கீது."

"உங்கப்பா கடையிலயா?"

"ஆமா சார். பவர் இல்லாத லென்ஸா எடுத்துச் சின்னச் சின்னதா வெட்டிக்கலாம்."

"அடப்பாவி! இத்தினி நாளா சொல்லாம வச்சிருந்தியே!" என்று சார் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அந்த அடியின் சந்தோஷம் பாஷாவுக்குப் பல நாள் நெஞ்சில் நின்றது.

கடைக்குப் பின்னால் ஒரு ரூம் உண்டு. பழைய காலத்துக் கட்டிடம், நான்கு பக்கமும் மலைக்கல், மேலேயும் கல் பலகை, ஜன்னல் கிடையாது. அக்கினி வெயிலில் மலை கொதித்து ஊரே வறுபடும்போதும் அந்த ரூம் சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் லென்ஸ் சூட்டில் கெட்டுவிடும் என்பது பாஷாவின் அப்பாவுடைய கணக்கு. அதனால் லென்ஸெல்லாம் மெல்லிய காகிதத்தில் சுற்றி அந்தக் கல் ரூமில்தான் கிடக்கும், மாதக்கணக்கில். ஆராய்ச்சிக்கு எடுத்துவைத்த லென்ஸையும் பாஷா அங்கேயே பத்திரமாக வைத்தான். தன் சொந்தக் கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டான் என்றே சொல்லலாம்.

குழாய்க்குள் வைத்து எடுத்த துண்டுகளை ஊறவைத்துப் பார்த்தால், குழிகள்! வட்டமாக, அழகாக, மழைத் தூறல் விழுந்த புழுதி மாதிரி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குழாயில் வைக்காத துண்டுகளையும் ஊறவைக்க வேண்டும் அல்லவா? அன்றைக்குக் கடைக்குச் சென்னையிலிருந்து புது லென்ஸ் பார்சல் வந்திருந்தது. பாஷா பார்சல் ஆபீசிலிருந்து அதை நேரே கல்லூரிக்குக் கொண்டுபோய், அதிலிருந்தே ஒப்பீட்டுத் துண்டுகளை வெட்டினான். அவற்றில் குழி ஏதும் இல்லை. இதைவிட என்ன வேண்டும்? சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாநாட்டில் போய்ப் பேசினார். கைதட்டினார்கள். சிலர் மட்டும் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களில் ஒருவர், சென்னையில் பெரிய ஆள், நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார்.

வந்தவர் ஒப்பீட்டுத் துண்டுகளைத் தன் கண் முன்னால் இன்னொரு முறை ஊறவைக்கச் சொன்னார். அது நோன்பு மாதம். பாஷா கல் ரூமிலிருந்து லென்ஸை எடுத்துவந்தான், வெட்டினான், காஸ்டிக் சோடாவில் போட்டான், எடுத்துக் கழுவி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தான். பெரியவர் குனிந்து பார்த்தார். பிறகு தசரதன் சார் குனிந்து பார்த்தார். குழாயின் பக்கமே போகாத துண்டில் குழிகள், அதே வட்டம், அதே அழகு.

அறையில் காஸ்டிக் சோடா நெடி மட்டும் இருந்தது. சார் மெதுவாகத் திரும்பினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"பாஷா, நீ குழாய்ல வச்ச துண்டு எதனா மாத்தி வச்சிட்டியா?"

அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் "இல்ல சார்" என்று சொல்லியிருப்போம். பாஷா கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா கடையில் ஒரு வழக்கம் இருந்தது. செய்துகொண்டு போன கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து யார் குறை சொன்னாலும் எதிர்வாதம் கூடாது. "நம்ம கை தப்புதாங்க, மாத்தித் தரேன்" என்று வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சீட்டே தப்பாக இருந்தாலும் அப்படித்தான். கடைக்கு அது நல்ல வழக்கம். ஆள் கோபம் தணிந்து போவார், அடுத்த முறையும் வருவார். பாஷா பல் முளைத்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்தது அது. பெரியவர் ஒருவர் முன்னால், தன் ஆசிரியர் கேட்கும்போது, அவன் வாய் யோசிக்கக் காத்திருக்கவில்லை.

"இருக்கும் சார். என் கை தப்புதான் சார். நோன்புக் களைப்புல மாத்தியிருப்பேன்."

சாரின் முகம் தொங்கிப்போனது. சென்னைக்காரர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "மாத்தி வெக்கிற ஆள் எடுத்த ரிசல்ட்ல எதைன்னு நம்பறது தசரதன்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாமே சரிவுதான். மாநாட்டில் சொன்னதைச் சார் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதிர்பார்த்திருந்த உதவித்தொகை வரவில்லை. இரவல் பம்பை அதன் கல்லூரிக்காரர்கள் வந்து தூக்கிப் போனார்கள். குழாய் கொஞ்ச நாள் அலமாரி மேல் இருந்தது, பிறகு அதையும் காணோம். பாஷாவை யாரும் போகச் சொல்லவில்லை. அவனே போனான். வெட்கம் பிடுங்கித் தின்றது. என் ஒருத்தன் கவனக்குறைவால் அந்த மனுஷன் பேர் கெட்டதே என்று அப்பா கடையில் வந்து உட்கார்ந்தவன், பிறகு கல்லூரி இருந்த சாலையில்கூடப் போவதில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் சுற்றிக்கொண்டு போவான்.

இதில் விசித்திரம் என்னவென்றால், சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முதலில் மரியாதைக்குச் சொன்ன வார்த்தை, பிறகு நினைவாகவே மாறியது. எந்த இடத்தில் மாற்றினோம், இடது கையில் இருந்ததை வலது பக்கம் வைத்தோமா என்று யோசித்து யோசித்து, மாற்றி வைக்கிற காட்சியே மனசில் படம் மாதிரி ஓட ஆரம்பித்தது. நடக்காத ஒன்றுக்கு இப்படியா சாட்சி சொல்லிக்கொள்வது? மனுஷ மனசு இருக்கிறதே, அதைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு.

காலம் போனது. அப்பா காலமாகி கடை அவருடையதாயிற்று. மகள் நூரைன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, "அப்பா, நான் சயின்ஸ் குரூப் எடுக்கறேன், பிசிக்ஸ் படிக்கணும்" என்று வந்து நின்றாள். பாஷா முகம் கொடுக்கவில்லை.

"அதெல்லாம் வேணாம்மா. கை சுத்தமா வர்றவங்க எடுக்கற படிப்பு அது."

"என் கைக்கு இன்னாப்பா?"

"நம்ம குடும்பத்துக்கு வராதும்மா. காமர்ஸ் எடு."

நூரைன் காமர்ஸ் எடுத்தாள். ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் பிசிக்ஸைப் பற்றி மறுபடி பேசவில்லை. வஜீதா அன்றைக்குக் கோபித்துக்கொண்ட மாதிரி அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

நூரைன் பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்ட ஒரு கோடையில், கவிநிலா என்கிற விரிவுரையாளர் கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்க வரவில்லை. கையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் நிறைந்த ஒரு பை.

"சார், நாங்க ஊர்ல பழைய கல்லு வீடுங்களா பாத்து இந்த டப்பாவ மாட்டிட்டு வரோம். மூணு மாசம் தொங்கணும். உங்க கடைக்குப் பின்னாடி கல் ரூம் இருக்குன்னு சொன்னாங்க. மாட்டிக்கலாங்களா?"

"தாராளமா மாட்டிக்கம்மா. உள்ள இன்னா கீது?"

"சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான் சார்."

பாஷா கல் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார். மேலே கேட்கவில்லை. மூன்று மாதம் அந்த டப்பாவை நிமிர்ந்து பார்க்காமலே கல் ரூமுக்குள் போய்வந்தார்.

டப்பாவை எடுத்துப்போன கவிநிலா திரும்பி வந்தபோது முகத்தில் கொஞ்சம் கவலை இருந்தது. "சார், இந்தத் தெருவுலயே உங்க ரூம்லதான் ரீடிங் ஜாஸ்தி. பயப்படறதுக்கு இல்ல. சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டுக் காத்து வர மாதிரி வச்சிடுங்க." பிறகு ஒரு போட்டோவைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "இது உங்க ரூம் துண்டு. மைக்ராஸ்கோப்புல எடுத்தது."

குழிகள். வட்டமாக, அழகாக. பாஷா போட்டோவைத் தொடவில்லை.

"இது எங்கேருந்தும்மா வருது?"

கவிநிலா பொறுமையாகச் சொன்னார். மலைக்கல்லில் யுரேனியம் துளித்துளியாக இருக்கும். அது சிதையும்போது ரேடான் என்று ஒரு வாயு கல்லிலிருந்து கசியும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றோட்டம் இருந்தால் போய்விடும், மூடிய ரூமில் அப்படியே தங்கும். அந்த வாயு விடுகிற துகள்தான் பிளாஸ்டிக்கில் குழி போடுகிறது.

"பேப்பர்ல சுத்தி வச்சிருந்தா?"

"பேப்பர் தடுக்காது சார். உள்ள பூந்துடும். ஏன் சார் கேக்கறீங்க?"

"சும்மாதாம்மா" என்றார் பாஷா. கவிநிலா போன பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கல் ரூமுக்குள் போய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். பார்சல் ஆபீசிலிருந்து நேரே போன லென்ஸ் சுத்தமாக இருந்தது. மாதக்கணக்கில் இங்கே கிடந்த லென்ஸில், குழாயில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் குழி இருந்தது. அவர் எதையும் மாற்றி வைக்கவில்லை. ஒரு துண்டைக்கூட மாற்றி வைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வராதவரைத் தேடி வஜீதா வந்தாள். அவர் சொன்னதைக் கேட்டு முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நூரைனை நீங்க தடுத்தது?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போய் அந்த சாராண்ட சொல்லுங்க. உங்க மேல தப்பு இல்லன்னு அவர் வாயால கேட்டுட்டு வாங்க. அப்பவாவது உங்க பூட்டு இழுக்கற வியாதி போவுதான்னு பாக்கலாம்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

தசரதன் சார் ஓய்வு பெற்று வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம் புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே இருந்தார். ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்துகொண்டு பாஷா அந்த வாசல்படி மிதித்ததில்லை. கேட்கப் போவது ஒரே ஒரு வார்த்தை. உன் மேல் தப்பில்லை என்று சார் சொல்லிவிட்டால் போதும், இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கிவைத்துவிடலாம்.

சார் உடனே அடையாளம் கண்டுகொண்டார். "பாஷா! கண்ணாடிக் கடைக்காரா! வாய்யா உள்ள." தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் பழைய குரல். காபி வந்தது. பாஷா காபியை ஆறவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கல் ரூம், ரேடான், போட்டோ. பாதியிலேயே சாருக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது, மூளை அப்படியேதான் இருந்தது.

"மொதல்ல ஒப்பிட வச்ச கன்ட்ரோல் துண்டு?"

"அது புதுப் பார்சல் சார். கல் ரூமுக்கே போகல."

"அப்ப குழாயிலேருந்து ஒண்ணுமே வரல."

"வரலீங்க சார்."

சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே மலை தெரிந்தது. அவருடைய பிளாஸ்மாவைப் பற்றி அவர் உள்ளுக்குள் இன்னும் ஏதாவது நம்பிக்கை வைத்திருந்தாரோ என்னவோ, அது அந்த நிமிஷம் போயிற்று. பாஷாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வந்த காரியத்தைக் கேட்டார்.

"சார், நான் அன்னைக்கு எதையும் மாத்தல சார். நீங்க என்னை..."

"நான் உன்னத் திட்டினேனா பாஷா?"

"இல்லீங்க சார்."

"போன்னு சொன்னனா?"

"இல்லீங்க."

"கேட்டேன். அவ்ளோதான்யா செஞ்சேன். நீ இல்லன்னு சொல்லுவன்னுதான் கேட்டேன்." சாரின் குரல் இறங்கிவிட்டது. "அந்த மனுஷன் முன்னாடி நீ இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பாருங்க சார், என் பையன் மாத்தறவன் இல்ல, இதுல வேற என்னமோ இருக்குது, தேடிப் பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். எங்க வச்சிருந்தன்னு கேட்டிருப்பேன். ஒரே வாரத்துல கல் ரூமைப் புடிச்சிருப்போம்யா. குழாய் பொய்யாப் போயிருக்கும், போவட்டுமே. கல்லு கெடச்சிருக்கும். அதுலயே உனக்கு டாக்டர் பட்டம் வந்திருக்கும்."

சார் ஆறிப்போன காபியைப் பாஷாவின் பக்கம் நகர்த்தினார்.

"உன் கை சுத்தம்னு எனக்குத் தெரியும். உன் கையில எனக்குச் சந்தேகமே வந்ததில்ல. நீயே உன் வாயால சொன்னப்ப, நான் என்னய்யா பண்ணுவேன்? நம்பிட்டேன்."

வேண்டி வந்த வார்த்தை கிடைத்துவிட்டது. உன் மேல் தப்பில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் பாஷாவுக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனின் பேரை அவர் கை கெடுக்கவில்லை, மரியாதையாகச் சொன்ன ஒரு பொய் கெடுத்தது. மகளின் படிப்பையும் அதுதான் கெடுத்தது. பாஷா அழுதார். சார் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.